வெள்ளைவால் மான் வேட்டை: விஸ்கான்சினுக்குக் குடிவந்த தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நவம்பர் மூன்றாவது வாரம் நெருங்கினால் அலுவலகத்தில் பாதி நாற்காலி காலியாகிவிடும். பெட்ரோல் பங்க்கில் ஆரஞ்சுச் சட்டை அணிந்தவர்கள் காப்பிக்கு வரிசையில் நிற்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய இறைச்சிப் பொட்டலத்தை வேலிக்கு மேலே நீட்டுவார். புதிதாக வந்த நம் ஆட்களுக்குக் கேள்விகள் கிளம்புவது அப்போதுதான். என்னிடம் அதிகம் கேட்கப்பட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே விஸ்கான்சின் மாநிலத்தை வைத்து எழுதியவை. பக்கத்து மாநிலத்தில் விதி வேறாக இருக்கும். இங்கேயும் ஆண்டுதோறும் சில விதிகள் மாறும் என்பதால், துப்பாக்கியைத் தூக்கும் முன் அந்த ஆண்டின் அரசுக் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்தியாவில் மானைச் சுட்டால் சிறை. இங்கே அரசே அனுமதி கொடுத்துச் சுடச் சொல்கிறதே, ஏன்?

இரண்டு நாடுகளின் மான் கதையும் வேறு வேறு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை அநேகமாக முழுவதும் நிறுத்திவிட்டது. காடு சுருங்கிக்கொண்டிருந்த நாட்டில் அதற்குக் காரணம் இருந்தது. புலி, சிறுத்தை, செந்நாய் எல்லாம் அங்கே இன்னும் இருக்கின்றன. மான்களின் எண்ணிக்கையை அவை பார்த்துக்கொள்கின்றன.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் மான் அழியும் நிலைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் பாதை வந்ததும் காட்டு இறைச்சியும் தோலும் வண்டி வண்டியாக நகரச் சந்தைகளுக்குப் போயின. 1900 வாக்கில் வட அமெரிக்கா முழுவதிலும் வெள்ளைவால் மான் ஐந்து லட்சத்துக்கும் குறைவாகவே எஞ்சியிருந்ததாகக் கணிக்கிறார்கள். அந்த ஆண்டில் வந்த லேசி சட்டம், மாநில விதியை மீறிக் கொன்ற விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோய் விற்பதைக் குற்றமாக்கியது. மாநிலங்களும் வேட்டைக் காலத்தைச் சுருக்கின. பெண்மானைச் சுடக் கூடாது என்றன. மான் இல்லாத இடங்களில் கொண்டுவந்து விட்டன.

அதே காலத்தில் ஓநாயையும் மலைச்சிங்கத்தையும் மனிதர்கள் துடைத்தெறிந்திருந்தார்கள். பெருங்காடுகளை வெட்டிய இடத்தில் இளம் புதர் முளைத்தது. தெற்கே சோளமும் சோயாவும் விளைந்தன. மானுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு அமையாது. இன்று நாடு முழுவதும் ஏறத்தாழ மூன்று கோடி வெள்ளைவால் மான்கள் இருக்கின்றன. காப்பாற்றுவதில் பெரும் வெற்றி கண்டாயிற்று. பெருகியதை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் அடுத்த தலைமுறை அதிகாரிகளுக்கு வந்து சேர்ந்த தலைவலி.

மான் யாருக்குச் சொந்தம்? விதிகளை யார் போடுகிறார்கள்?

நிலம் உங்களுடையதாக இருக்கலாம். அதில் மேயும் மான் உங்களுடையது அல்ல. அது பொதுமக்கள் சொத்து, மாநில அரசு அதன் அறங்காவலர். எனவே வாஷிங்டனுக்கு இதில் வேலை குறைவு. மாநில இயற்கை வளத் துறை திட்டம் போடும். இயற்கை வள வாரியம் ஒப்புதல் தரும். சட்டமன்றம் அவ்வப்போது மூக்கை நுழைக்கும்.

விஸ்கான்சினுக்கே உரிய ஒன்றும் உண்டு. 1934 முதல் இங்கே குடிமக்களின் பாதுகாப்புப் பேரவை ஒன்று செயல்படுகிறது. ஏப்ரல் மாதம் 72 கவுன்டிகளிலும் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) அது கூட்டம் நடத்தும். யார் வேண்டுமானாலும் போய் வேட்டை, மீன்பிடி விதிகள் மீது வாக்களிக்கலாம். இதைத் தவிர ஒவ்வொரு கவுன்டிக்கும் ஒரு மான் ஆலோசனைக் குழு இருக்கிறது. உழவர், வனத்தொழில் செய்பவர், வேட்டைக்காரர், சுற்றுலாத் தொழிலில் இருப்பவர் என்று பல தரப்பினர் உட்கார்ந்து, தங்கள் பகுதியில் மான் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா, இப்படியே இருக்கட்டுமா என்று பரிந்துரை சொல்வார்கள். வேட்டையில் ஆர்வம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நம் ஊர்க் கிராம சபையில் வாய்க்கால் தண்ணீருக்கு நடக்கும் சண்டைக்கு எந்த விதத்திலும் குறைந்தது இல்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பார்கள். பெரும்பகுதி வேட்டைக்காரர் பையிலிருந்துதான். உரிமக் கட்டணம் ஒரு வழி. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் இன்னொரு வழி: நீளத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் மீது 11 சதவீத வரி வசூலித்து, வனவிலங்கு வேலைகளுக்காக மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வேட்டை உரிமப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பும் மாநிலத்துக்கு இந்தப் பங்கு கிடைக்காது.

வேட்டைக் காலம் எப்போது?

வில்லுக்கும் குறுக்குவில்லுக்கும் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை. அக்டோபரில் இரண்டு நாள் சிறுவர்களுக்கு. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம்தான் உண்மையான திருவிழா. அதை அடுத்துப் பத்து நாள், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு. அதற்குப் பின் நான்கு நாள் கொம்பில்லாத மான்களுக்கு மட்டும். சில கவுன்டிகளில் கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் பெண்மான் வேட்டை உண்டு.

நவம்பரில் ஏன்? அதுதான் இணைசேரும் பருவம். மற்ற மாதங்களில் இருட்டில் மட்டும் நடமாடும் ஆண்மான் அந்த வாரங்களில் பட்டப்பகலில் பெண்மானின் பின்னால் ஓடும். சாலையில் காரோடு மோதுவதும் அப்போதுதான் அதிகம்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வேட்டைக்குப் போகலாமா?

இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். நண்பரின் துப்பாக்கியைச் சற்று நேரம் கையில் வாங்குவதும் 'வைத்திருத்தல்' கணக்கில் வரலாம். ஆனால் அதே சட்டத்தில் விலக்கு ஒன்று இருக்கிறது: அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்களிடம் இருந்தால் அந்தத் தடை பொருந்தாது. ஆக, உரிமம் முதலில், துப்பாக்கி பிறகு. உரிமம் காலாவதியாகும் நாளில் விலக்கும் முடிந்துவிடுகிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது. வில்லும் குறுக்குவில்லும் இந்தச் சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி இல்லை. நம் நண்பர்கள் சிலர் வில்லோடு தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். விசா விவகாரத்தில் தவறு நேர்ந்தால் விளைவு பெரிது என்பதால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி நடைமுறை எளிது. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். 18 வயதானவர்கள் இணையத்திலேயே படித்துத் தேறலாம். பயிற்சி இல்லாமலும் ஒரு வழி உண்டு: அனுபவமுள்ள பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் கூடவே இருந்தால் 'வழிகாட்டி வேட்டை' முறையில் போகலாம். மாநிலத்தில் 30 நாள் குடியிருந்தவருக்கு உள்ளூர்க் கட்டணம். துப்பாக்கி மான் உரிமம் 24 டாலர். வெளிமாநிலத்தவருக்கு அதைப் போலப் பல மடங்கு.

காட்டில் இறங்கியபின் முக்கியமாக எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

உடை. துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேலே வெளியே தெரியும் துணியில் பாதியாவது பளீர் ஆரஞ்சாக இருக்க வேண்டும். தொப்பி போட்டால் அதிலும் பாதி. 1980 முதல் இந்த விதி. 2016-இல் பளீர் இளஞ்சிவப்பையும் சேர்த்தார்கள். பெண்களை வேட்டைக்கு ஈர்க்கும் திட்டம் என்றார்கள். நிறத்தைப் பார்த்து வேட்டைக்கு வந்த பெண் யாரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை. மானுக்குச் சிவப்பு, ஆரஞ்சு நிறங்கள் சரியாகத் தெரியாது. மனிதக் கண்ணுக்கோ அரை மைலுக்கு அப்பாலும் தெரியும்.

நேரம். சூரிய உதயத்துக்கு 30 நிமிடம் முன்பிலிருந்து அஸ்தமனத்துக்கு 20 நிமிடம் பின்பு வரை. கையேட்டில் நாள்வாரியாக அட்டவணை இருக்கும்.

எல்லை. தமிழர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். 'அத்துமீறி நுழையாதே' என்ற பலகை இல்லையே என்று நினைத்து நடந்துவிடுவார்கள். விஸ்கான்சினில் தனியார் நிலத்துக்குப் பலகையே தேவையில்லை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே அத்துமீறல். நீங்கள் அடித்த மான் ஓடிப்போய்ப் பக்கத்து நிலத்தில் விழுந்தாலும், அனுமதி கேட்டுத்தான் எடுக்கப் போக வேண்டும். அவர் மறுத்தால் மறுத்ததுதான்.

பதிவு. மானை எடுத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும். முன்பு மானை வண்டியில் ஏற்றிப் பதிவு நிலையத்துக்குக் கொண்டுபோவது வழக்கம்; ஊரே அங்கே கூடியிருக்கும். 2015-இல் இணையப் பதிவு வந்தபின் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. பழையவர்கள் இதை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறர் டேக்கில் (ஒரு மானைச் சுட அனுமதிக்கும் சீட்டு) சுடுதல். வேறு பல மாநிலங்களில் இது குற்றம். இங்கே துப்பாக்கி வேட்டையில் குழுவாகப் போகிறவர்கள் ஒருவருக்காக இன்னொருவர் மானைச் சுடலாம்; இருவரும் துப்பாக்கியோடு, குரல் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைபேசியில் பேசிக்கொள்வது குரல் எட்டும் தூரம் ஆகாது.

முழு வெள்ளை மானைச் சுடக் கூடாது. அதற்குத் தனிப் பாதுகாப்பு.

மரத்துக்கு மரம் ஓடுகிற மான்களை எப்படி எண்ணுகிறார்கள்?

யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை. சுட்ட மான்களை வைத்து உயிரோடு இருப்பவற்றைக் கணக்கிடுகிறார்கள். பால், வயது, வேட்டை எண்ணிக்கை என்ற மூன்றையும் பின்னிய கணக்கு இது. விஸ்கான்சின் பல பத்தாண்டுகளாக நம்பியிருக்கும் முறை.

வயதைப் பல்லில் பார்க்கிறார்கள். மான் அறுக்கும் கடையின் பின்புறத்தில் ஒரு வனவிலங்கு அலுவலர் இந்த வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். விறைத்துப்போன மானின் கன்னத்தை ஓரமாக ஒரு கீறு கீறி, இரும்புக் கம்பியால் தாடையை அகட்டி, தலையில் கட்டிய விளக்கை உள்ளே காட்டினார். கீழ்த்தாடையில் முன்னிருந்து மூன்றாவது பல்லைப் பார்க்கச் சொன்னார். குட்டிக்கும், ஒன்றரை வயது நெருங்கும் மானுக்கும் அந்தப் பல்லில் மூன்று முகடுகள் இருக்கும். அது பால்பல். ஏறத்தாழ ஒன்றரை வயதில் அது விழுந்து, இரண்டு முகடுள்ள நிலையான பல் முளைக்கிறது. அன்றைய மானுக்குப் பழைய பல் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அடியில் புதுப்பல் வெள்ளையாக எட்டிப்பார்த்தது. "ஒன்றரை" என்று சொல்லிவிட்டு அட்டையில் குறித்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். அதைவிட மூத்தவற்றின் வயதைக் கடைவாய்ப் பற்களின் தேய்மானத்தை வைத்துச் சொல்கிறார்கள். வயது கூடக்கூட அந்தக் கணிப்பின் துல்லியம் குறையும்.

ஒரு பல் எப்படிக் கூட்டத்தின் கணக்காகிறது? உதாரணத்துக்குச் சில எண்களை வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்டியில் வளர்ந்த ஆண்மான்கள் ஆயிரம் சுடப்பட்டன; அவற்றில் பாதி ஒன்றரை வயதுக்காரர்கள். கூட்டத்தின் அளவு நிலையாக இருந்தால், ஆண்டுதோறும் புதிதாகச் சேரும் பங்கும் சாகும் பங்கும் சமம். ஆகவே ஆண்மான்களில் பாதி ஆண்டுதோறும் சாகின்றன. சாவுகளில் 80 சதவீதம் வேட்டையால் என்று வைத்தால், வேட்டைக்காரர்கள் எடுத்தது ஆண்மான்களில் 40 சதவீதம். ஆயிரம் என்பது 40 சதவீதம் என்றால் வேட்டைக்கு முன் இருந்தவை 2,500. ஓர் ஆணுக்கு 1.6 பெண் என்ற விகிதத்தில் பெண்மான் 4,000. கோடையில் காமிராக்களும் களப் பார்வையாளர்களும் தரும் விகிதப்படி பெண்ணுக்கு ஒரு குட்டி என்றால் இன்னொரு 4,000. மொத்தம் 10,500.

இதில் எந்த அனுமானம் ஆட்டம் கண்டாலும் விடை ஆடும். உதாரணமாக, வேட்டைக்காரர்கள் திடீரென்று இளம் ஆண்மான்களை விட்டுவைக்க ஆரம்பித்தால், சுடப்பட்டதில் ஒன்றரை வயதின் பங்கு குறையும். கணக்கோ கூட்டமே மாறிவிட்டதாகச் சொல்லும். அதனால் ஓர் ஆண்டின் எண்ணைப் பிடித்துத் தொங்காமல் பல ஆண்டுப் போக்கைப் பார்ப்பதே சரி. உணவகத்தில் உட்கார்ந்து "இந்த வருஷம் காட்டில் மானே இல்லை, அரசு பொய் சொல்கிறது" என்று மேசையைத் தட்டுபவர் தன்னுடைய நாற்பது ஏக்கரை மட்டும் பார்த்திருப்பார்.

கொம்புள்ள ஆண்மான்தானே பரிசு? பெண்மானைச் சுடச் சொல்லி ஏன் இவ்வளவு வற்புறுத்தல்?

எல்லோரும் பேசுவது கொம்பைப் பற்றி. கூட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பெண்மான். ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும். ஆண்களில் பாதியைச் சுட்டாலும் மிச்சமுள்ளவை அநேகமாக எல்லாப் பெண்களையும் சினையாக்கிவிடும்; அடுத்த மே, ஜூனில் பிறக்கும் குட்டிகளின் எண்ணிக்கை அசையாது. நல்ல தீனி கிடைக்கும் இடத்தில் வளர்ந்த பெண்மான் இரட்டைக் குட்டி போடுவது சாதாரணம். சோளக்காட்டு ஓரத்தில் வளர்ந்த பெண்குட்டி, பிறந்து ஆறேழு மாதத்திலேயே சினையாகிவிடும்.

இந்தப் பெருக்கத்தின் வேகத்தைக் காட்டும் பழைய ஆதாரம் மிச்சிகனில் இருக்கிறது. ஜார்ஜ் ரிசர்வ் என்ற வேலியிட்ட நிலத்தில் 1928-இல் ஆறு மான்களை விட்டார்கள்; 1933-இல் ஆட்களை வரிசையாக நிறுத்தி விரட்டி எண்ணியபோது 160. அப்படி விட்டவை பின்பு அந்த நிலத்துக்கே சுமையாகிவிட்டன.

பெண்மானைத் தொடக் கூடாது என்ற மனநிலைக்கு வேர் பழையது. மான் அரிதாக இருந்த காலத்தில் பெண்ணைக் காப்பாற்றித்தான் கூட்டத்தை மீட்டார்கள். தாத்தா பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த அறம் அது. நிலைமை மாறியபின்னும் அறம் மாறவில்லை. 1940-களின் தொடக்கத்தில் வட விஸ்கான்சினில் மான்கள் குளிர்காலத்தில் ஒதுங்கும் தேவதாருச் சதுப்புகளில் தின்ன எதுவும் மிஞ்சாமல் பட்டினியில் செத்து விழுந்தன. மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் அப்போது உறுப்பினராக இருந்த வனவிலங்கு அறிஞர் ஆல்டோ லியோபோல்டு, பெண்மானையும் குறைத்தாக வேண்டும் என்று வாதாடினார். 1943-இல் நான்கு நாள் கிளைக்கொம்பு ஆணுக்கும், நான்கு நாள் கொம்பில்லாத மானுக்கும் என்று பருவத்தைப் பிரித்தார்கள். சுமார் 1,28,000 மான்கள் விழுந்தன. மக்கள் அதற்கு '43-இன் குற்றம்' என்று பெயர் வைத்தார்கள். லியோபோல்டு இன்று மாநிலத்தின் பெருமை. அன்று அவரைத் திட்டாத மதுக்கடை இருந்திருக்காது.

அரை நூற்றாண்டு கழித்து அதே சண்டை வேறு உருவில் வந்தது. 1996-இல், மான் மிகுந்த பகுதிகளில், முதலில் ஒரு கொம்பில்லாத மானைச் சுட்டுப் பதிவு செய்தால்தான் ஆண்மானைச் சுடலாம் என்று விதி கொண்டுவந்தார்கள். கூட்டத்தைக் குறைப்பதில் அதைப் போல வேலை செய்த விதி வேறில்லை. அதைப் போல வெறுக்கப்பட்ட விதியும் இல்லை. பெரிய கொம்பன் ஒன்று எதிரே வந்து நிற்க, இன்னும் பெண்மானைச் சுடவில்லையே என்று துப்பாக்கியைத் தாழ்த்திய கதை ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. 2011-இல் சட்டமன்றம் அதை ஒழித்தது. உயிரியல் சரி, வாக்கு எண்ணிக்கையில் தோற்றது என்பது என் கருத்து.

இப்போது பகுதிவாரியாகக் கொம்பில்லா மான் டேக் எத்தனை என்று தீர்மானிக்கிறார்கள். ஆயிரம் பெண்மான் குறைய வேண்டும், நான்கு டேக்கில் ஒன்றுதான் பயன்படுகிறது என்றால் 4,000 டேக் விடுவார்கள். அந்த 4,000 என்ற எண்ணைச் செய்தியில் பார்த்துவிட்டு "எல்லா மானையும் கொல்லப் பார்க்கிறார்கள்" என்று கொதிப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. மான் குறைந்த வட கவுன்டிகளில் சில ஆண்டுகள் இந்த டேக் ஒன்றுகூடக் கிடைக்காது.

ஒரு சட்ட நுணுக்கம்: கொம்பு மூன்று அங்குலமாவது இருந்தால்தான் சட்டப்படி ஆண்மான் டேக். மொட்டுக் கொம்போடு இருக்கும் ஆண்குட்டி கொம்பில்லா மான் கணக்கில் சேரும். அவசரத்தில் பெண்மான் என்று நினைத்து இவற்றைச் சுடுவது நடக்கும். தனியாக முதலில் வெளியே வரும் சிறிய மானைச் சுடாமல் பொறுத்திருங்கள் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான்.

பெரிய கொம்பு வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?

வயதாக விட வேண்டும். கொம்பு ஆண்டுதோறும் விழுந்து புதிதாக முளைப்பது. ஐந்து, ஆறு வயதில்தான் முழு வளர்ச்சியை எட்டும். பென்சில்வேனியா 2002-இல் குறைந்தபட்சக் கிளை எண்ணிக்கை விதி கொண்டுவந்து இளம் ஆண்மான்களைக் காப்பாற்றியது. விஸ்கான்சினில் மாநிலம் தழுவி அப்படி விதி கிடையாது. நில உரிமையாளர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்கிறார்கள்.

ஓநாயையும் பனியையும் விட்டால் போதாதா?

வடக்கே இரண்டும் வேலை செய்கின்றன. குளிரின் கடுமைக்கு இங்கே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: டிசம்பர் முதல் ஏப்ரல் முடிய, வெப்பம் பூஜ்ஜியம் ஃபாரன்ஹீட் (அதாவது மைனஸ் 18 செல்சியஸ்) அல்லது அதற்குக் கீழே போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, தரையில் பனி 18 அங்குலம் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி. 50-க்குக் கீழே என்றால் மிதம். 100-ஐத் தாண்டினால் மிகக் கடுமை. வசந்தத்தில் குட்டிகள் குறையும், அடுத்த இலையுதிர் காலத்தில் டேக்கும் குறையும்.

ஓநாய் ஒன்று ஆண்டுக்குச் சுமார் 20 மான் தின்னும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாநிலத்தில் ஆயிரம் ஓநாய் என்று வைத்தாலும் 20,000. மனிதர்கள் எல்லாப் பருவத்திலும் சேர்த்து எடுப்பது அண்மை ஆண்டுகளில் மூன்று லட்சத்தை ஒட்டி. தெற்கே, மான் மிகுந்த வேளாண் நிலத்தில் ஓநாயும் இல்லை, கடும் பனியும் இல்லை.

பக்கத்து வீட்டார் கொடுத்த மான் இறைச்சியைச் சாப்பிடலாமா? ஏதோ நோய் என்கிறார்களே?

அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: பரிசோதித்தாயிற்றா? மானின் நாட்பட்ட மெலிவு நோயைப் பற்றித்தான் இந்தப் பேச்சு. மூளையைச் சல்லடையாக்கும் இந்த நோய்க்குக் காரணம் கிருமி அல்ல, உருமாறிய ஒரு புரதம், பிரியான் என்பார்கள். கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களில் 1967-இல் முதலில் கண்டார்கள். விஸ்கான்சினில் 2002 பிப்ரவரியில், மவுன்ட் ஹோரெப் அருகே முந்தைய இலையுதிர் காலத்தில் சுடப்பட்ட மூன்று மான்களில் தெரிந்தது. மிரண்டுபோன அரசு, அந்தப் பகுதியில் மானே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம் என்று கிளம்பியது. நில உரிமையாளர்கள் ஒத்துழைக்கவில்லை. வேட்டைக்காரர்களுக்கும் சுட்டுக் குழியில் தள்ளும் வேலை பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் திட்டத்தைக் கைவிட்டார்கள். நோய் இன்று தெற்கில் ஊன்றிவிட்டது. மாநிலத்தின் பெரும்பாலான கவுன்டிகளில் தலைகாட்டியிருக்கிறது.

மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் பிரியான் சாகாது. பார்த்த பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் மானுக்கும் நோய் இருக்கலாம். மெலிவு கடைசிக் கட்டத்தில்தான் தெரியும். தொண்டைக்குப் பின்னால் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்து இலவசமாகவே பரிசோதிக்கிறார்கள். முடிவு வரும்வரை இறைச்சியை மான்வாரியாகப் பெயரிட்டு உறைபெட்டியில் வைப்பது நல்லது.

சோதனையில் தேறிய இறைச்சி நமக்கு நன்றாகவே ஒத்துவரும். கொழுப்பு இல்லாத கருஞ்சிவப்புத் தசை. ஆட்டுக்கறி போல நினைத்து வதக்கினால் ரப்பராகிவிடும். தயிரில் ஓர் இரவு ஊறவைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு, சிறுதீயில் வேக விடுங்கள். ஈயத் தோட்டாவாக இருந்தால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத துகள் எட்ட வரை சிதறியிருக்கும். இப்போது பலர் செம்புத் தோட்டாவுக்கு மாறிவிட்டார்கள்.

குழந்தைகள் கொல்லைப்புறத்தில் மானுக்குச் சோளம் போடுகிறார்கள். தவறா?

நோய் கண்ட கவுன்டிகளிலும் அவற்றை ஒட்டியவற்றிலும் தீனி போடுவது சட்டப்படி தடை. ஒரே குவியலில் பத்து மான் வாய்வைத்தால் எச்சிலிலேயே நோய் பரவும். மண்ணில் விழுந்த பிரியான் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சட்டம் இல்லாத இடத்திலும் குளிர்காலச் சோளம் கெடுதல்தான். பனிக்காலத்தில் சுள்ளியும் மொட்டும் தின்னப் பழகிய மானின் வயிறு, திடீரென்று மாவுச்சத்து விழுந்தால் புளித்து அமிலமேறி, வயிறு நிறைந்த நிலையிலேயே மான் செத்துப்போகும்.

மான் இறைச்சி கடையில் வாங்கலாமா?

காட்டு மானை விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நூறாண்டுக்கு முன் சந்தைக்காக நடந்த கொலையிலிருந்து கற்ற பாடம் இது. உணவகத்தில் கிடைப்பது பண்ணையில் வளர்த்தது. இலவசமாகக் கொடுக்கலாம், தானமாக வரும் மான்களை அறுத்து உணவு வங்கிகளுக்கு அனுப்பும் திட்டமும் இருக்கிறது. உங்கள் கார் மோதிச் செத்த மானை, முறைப்படி பதிவு செய்துவிட்டு நீங்களே எடுத்துக்கொள்ளலாம். முதல் உரிமை மோதிய ஓட்டுநருக்கு. பம்பர் போன வேதனைக்கு அரசு தரும் ஆறுதல்.

பழங்குடியினருக்குத் தனி விதி என்கிறார்களே?

ஆம். அது யாரும் போட்ட சலுகை அல்ல. ஓஜிப்வே மக்கள் 1837, 1842 ஒப்பந்தங்களில் வட விஸ்கான்சின் நிலத்தைக் கொடுத்தபோது அங்கே வேட்டையாடும், மீன்பிடிக்கும் உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். 1983-இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அவர்களுக்கென்று தனிப் பருவம், தனி ஒழுங்குமுறை, 1984 முதல் தங்களுடைய உயிரியலாளர்களைக் கொண்ட ஓர் ஆணையம் எல்லாம் உண்டு. தீர்ப்பு வந்தபின் படகுத் துறைகளில் மீன்பிடிக்க வந்த அவர்கள் மீது கல்லெறிந்த காலமும் இருந்தது.

சுடுவதற்குப் பதில் கருத்தடை செய்யலாமே?

நியூயார்க் நகரம் ஸ்டேட்டன் தீவில் 2016-இல் ஆண்மான்களைப் பிடித்து மயக்கி அறுவை செய்யத் தொடங்கியது. தீவு, பூங்கா போன்ற மூடிய இடங்களில் இது நடக்கும். ஒவ்வொரு மானையும் கையால் பிடிக்க வேண்டும், செலவு மிக அதிகம், இருக்கும் மான் சாகும்வரை தோட்டத்தைத் தின்றுகொண்டுதான் இருக்கும். திறந்த காட்டில் லட்சக்கணக்கில் என்றால் நினைத்தும் பார்க்க முடியாது.

வேட்டைக்காரர்களே குறைந்துவருகிறார்களாமே?

உண்மை. 2000-இல் இங்கே விற்ற துப்பாக்கி மான் உரிமம் ஏழு லட்சத்தை ஒட்டி இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஐந்தரை லட்சம் அளவில் நிற்கிறது. போருக்குப் பின் பிறந்த பெரிய தலைமுறை முழங்கால் வலியோடு மரப் பரணிலிருந்து இறங்குகிறது. அதே எண்ணிக்கையில் இளையவர்கள் ஏறவில்லை. உரிமப் பணம் குறைவது ஒருபுறம். இன்னொருபுறம், எஞ்சியிருப்பவர் ஆளுக்கு இரண்டு மானுக்கு மேல் சுட விரும்புவதில்லை. உறைபெட்டி நிறைந்துவிட்டால் வீட்டுக்குப் போய்விடுகிறார். டேக்கை அரசு எத்தனை மலிவாக விற்றாலும் அதற்கு மேல் நகராது. 2014-இல் குறுக்குவில்லை எல்லோருக்கும் திறந்துவிட்டது வயதானவர்களைச் சில ஆண்டு கூடுதலாகக் காட்டில் நிறுத்தியது. அடுத்து என்ன என்பதற்கு ஆலோசனைக் குழுக்களில் உருப்படியான பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

எனக்கு வேட்டை வேண்டாம். என் அவரைக் கொடியைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

எட்டு அடி வேலி. ஆறடி வேலியை மான் நின்ற இடத்திலிருந்தே தாண்டும். கடையில் விற்கும் துர்நாற்றத் திரவங்கள் மழை பெய்யும்வரை வேலை செய்யும். மாற்றி மாற்றித் தெளிக்க வேண்டும். வேலி ஓரத்தில் பசுமை மதில் வேண்டும் என்று ஆர்பர்விட்டே என்ற பசுமைமாறா மரத்தை வாங்கி நடாதீர்கள். முதல் குளிர்காலத்திலேயே மானின் கழுத்து எட்டும் உயரம் வரை மொட்டையாகி, மேலே மட்டும் பச்சைக் குடை நிற்கும். ஊரில் உள்ள எல்லாத் தெருவிலும் அந்தக் கோடு ஒரே மட்டத்தில் ஓடுவதைப் பார்க்கலாம். அவரையையும் வெண்டையையும் வீட்டுச் சுவரை ஒட்டி, வலைக்கூண்டுக்குள் போடுங்கள். தோட்டத்தில் வேலை முடித்து வந்ததும் கால்களில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். லைம் நோயைக் கொண்டுவரும் அந்த உண்ணி வளர்ந்தபின் விரும்பி ஏறுவது மான்மீதுதான்.